ஒரே மாத்திரை, நாட்டுக்கொரு நியாயம்

மாரடைப்பு வந்து உயிர் பிழைத்த ஒருவர், இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும் என்பதில் இன்று மருத்துவ உலகில் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும் அம்மாத்திரை அவர் கைக்கு வந்து சேருமா, சேர்ந்தாலும் அதனை அவர் விடாது உண்பாரா என்பவற்றை அவருடைய நோயைக் காட்டிலும் அவர் வாழும் நாடே தீர்மானிக்கிறது. நார்வேக்காரருக்கு ஒரு நியாயம், இத்தாலியருக்கு வேறொரு நியாயம், நம் நாட்டு உழவருக்கு மற்றொரு நியாயம் என்று இருப்பதற்குக் காரணம் யாது? நம் குடும்பங்களில் ஐம்பது வயதைக் கடந்த பலர் இம்மருந்தின் பெயரைத் தம் மருந்துச் சீட்டில் கண்டிருப்பர். ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

அரிசியில் பூத்த பூஞ்சை

கொலஸ்ட்ரால் எனப்படும் கொழுப்புப் பொருளை நஞ்சென்று எண்ணுதல் தவறு. உயிரணுக்களின் சுவர் அமைவதற்கும், உடலின் சில சுரப்பு நீர்கள் உண்டாவதற்கும் அது இன்றியமையாதது. உணவின் வழியாக வருவதைவிட நம் உடல் தானே ஆக்கிக்கொள்வதுதான் மிகுதி. அவ்வேலையில் கல்லீரலுக்குப் பெரும் பங்குண்டு. அளவு மிஞ்சினால், எல்.டி.எல். என்னும் துகள்களாக இரத்தத்தில் மிதந்து வரும் இக்கொழுப்பு, இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகப் படிகிறது. ஒருநாள் அப்படிவு வெடிக்க, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. மாரடைப்பு பெரும்பாலும் இவ்விதமே நேர்கிறது.

ஜப்பான் நாட்டில் சாங்கியோ என்னும் மருந்து நிறுவனத்தில் பணிபுரிந்த அகிரா எண்டோ என்ற அறிஞர் 1971-ஆம் ஆண்டில் ஒரு தேடலைத் தொடங்கினார். பூஞ்சைகள் தம் பகை உயிர்களை ஒடுக்குவதற்காக, அவ்வுயிர்களின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் எதையேனும் சுரக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். ஈராண்டுகளாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சோதித்தார். 1973-இல், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றிலிருந்து வந்த அரிசியில் படர்ந்திருந்த நீலப் பச்சைப் பூஞ்சையிலிருந்து, அவர் தேடிய பொருள் கிடைத்தது. ‘ஸ்டாட்டின்’ என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே.

பிறந்த பிள்ளை உடனே ஊர் சுற்றவில்லை. நாய்களிடம் நடந்த சோதனையில் புற்றுநோய் பற்றிய ஐயம் எழவே, 1980-இல் சாங்கியோ அம்முயற்சியைக் கைவிட்டது. இதற்கிடையில் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து லோவாஸ்டாட்டின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்து, 1987-இல் அந்நாட்டு அரசின் அனுமதியைப் பெற்றது. கல்லீரலின் மேற்புறத்தில் எல்.டி.எல். துகள்களைப் பற்றி உள்ளே இழுக்கும் கொக்கி போன்ற பொருள்கள் உள்ளன என்பதைக் கண்டறிந்தமைக்காக மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இருவர் 1985-இல் நோபல் பரிசு பெற்றிருந்தனர். மருந்து வேலை செய்யும் முறையும் இதனால் தெளிவாயிற்று: கல்லீரலின் சொந்த உற்பத்தியை மாத்திரை தடுக்கிறது, தனக்கு வேண்டியதைப் பெறக் கல்லீரல் அக்கொக்கிகளைப் பெருக்கிக்கொண்டு இரத்தத்திலிருந்து கொழுப்பை வாங்குகிறது, இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது.

இங்கே ஒரு வியப்பு. மருந்தைக் கண்டறிந்த ஜப்பானியர் தாமே அதனை மிகச் சிறிய அளவில்தான் பயன்படுத்துகின்றனர். 2006-இல் வெளியான அந்நாட்டின் பெரிய ஆய்வொன்றில் 7,832 பேர் சேர்க்கப்பட்டனர். உணவுக் கட்டுப்பாட்டுடன் பிராவாஸ்டாட்டின் மருந்தும் பெற்றவர்களுக்கு நாளொன்றுக்கு அளிக்கப்பட்டது 10 முதல் 20 மில்லிகிராம் மட்டுமே. மேனாட்டு ஆய்வுகளில் அதே மருந்து 40 மில்லிகிராம் வழங்கப்பட்டது. சிறிய அளவிலும் ஜப்பானியருக்கு நற்பயன் கிட்டியது. ஆசிய மக்களின் உடல் இம்மருந்துகள் சிலவற்றை வேறு விதமாகக் கையாளுகிறது என்பதும் பின்னர்த் தெரியவந்தது. ரோசுவாஸ்டாட்டின் என்னும் மருந்தைச் சிங்கப்பூரில் சீனர், மலாய் மக்கள், இந்திய வழியினர் ஆகியோருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெள்ளையரைவிட அவர்களின் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குமாறு 2005-இல் அமெரிக்க மருந்து ஆணையமே அறிவுறுத்தியது. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் மாத்திரையை அளவு பாராமல் விழுங்குவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் இதனைக் கவனிப்பார்களாக!

நார்வேயும் இத்தாலியும்

1994-ஆம் ஆண்டு வரையில் ஸ்டாட்டின் மீது மருத்துவர் பலருக்கு ஐயம் இருந்தது. கொழுப்பு குறைகிறது, சரி. ஆயுள் கூடுகிறதா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. அவ்வாண்டில் டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்து வட நாடுகள் கூடி நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. இருதயக் குழாய் நோயுற்ற 4,444 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குச் சிம்வாஸ்டாட்டினும் மற்றக் கூறினருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் தந்தனர். ஐந்தாண்டுகளுக்கு மேல் கடந்தபின் கணக்கெடுத்தபோது, வெற்று மாத்திரை உண்டவர்களில் 256 பேர் இறந்திருந்தனர். மருந்துண்டவர்களில் 182 பேர். இக்கணக்கு வந்தபின், நோயுற்றவருக்கு இம்மருந்து வேண்டுமா என்ற வாதம் அடங்கிற்று.

ஐரோப்பா முழுவதும் இதே செய்தியைத்தான் படித்தது. எனினும் 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளின் மருந்துக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், மக்கள்தொகைக்கேற்பக் கணக்கிட்டால் நார்வே உண்ட ஸ்டாட்டின் இத்தாலி உண்டதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டனர். இத்தாலியில் மாரடைப்பு குறைவு என்று சமாதானம் சொல்லலாம். ஒலிவ எண்ணெயும் காய்கறிகளும் மீனும் அந்நாட்டு மக்களைக் காத்து வந்துள்ளன என்பதும் மெய்யே. ஆனால் நாடுகளுக்கிடையேயிருந்த வேறுபாடு முழுவதற்கும் நோயின் அளவு மட்டும் விடையாகவில்லை. யார் பணம் கொடுப்பது என்னும் கேள்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தாலியில் ‘குறிப்பு 13’ எனப்படும் அரசு விதி ஒன்று உண்டு. இன்னின்ன நிலையில் உள்ளவர்க்கு மட்டுமே அரசு இம்மருந்துக்குப் பணம் தரும் என்று அது வரையறுக்கிறது. நார்வேயிலோ நீண்டநாள் நோய்களுக்கான ‘நீலச் சீட்டு’ முறையில் மருந்துச் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. இத்துடன், ஆய்வில் தாமே பங்குகொண்ட நாட்டு மருத்துவர்களுக்கு அதன் முடிவில் நம்பிக்கை மிகுந்திருக்கும் என்பது நம் கருத்து. தன் கண்ணெதிரே நோயாளி பிழைத்ததைக் கண்டவருக்கு வேறு சான்று எதற்கு?

இங்கிலாந்தும் அமெரிக்காவும்

நோய் வந்தவருக்குத் தருவது ஒன்று. நோய் வருமுன்னரே காப்பாகத் தருவது மற்றொன்று. நாடுகள் ஒன்றோடொன்று மாறுபடுவது இரண்டாவதில்தான் மிகுதி. இங்கிலாந்தில் வயது, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கூட்டிக் கணக்கிட்டு, அடுத்த பத்தாண்டுகளில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று மருத்துவர் பார்க்கிறார். முன்னர் 20 என்றிருந்த வரம்பு 2014-இல் 10 ஆகத் தளர்த்தப்பட்டது. ஒரு கையெழுத்தில் பல இலட்சம் நலமுள்ளோர் மருந்துக்குரியவர் ஆயினர்! அமெரிக்க இருதய மருத்துவர்கள் அதற்கு முந்திய ஆண்டிலேயே 7.5 என்று வரம்பிட்டிருந்தனர். 2011-12-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாற்பது வயது கடந்த அமெரிக்கர்களில் நூற்றுக்கு 28 பேர் கொழுப்புக் குறைப்பு மருந்து ஏதேனும் ஒன்றை உண்டு வந்தனர்.

இன்னொரு முரண்பாட்டையும் பாருங்கள். 2004-இல் சிம்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவரின் சீட்டு இல்லாமலே மருந்தாளரிடம் வாங்கலாம் என்று உலகில் முதன்முதலாக இங்கிலாந்து அனுமதித்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் லோவாஸ்டாட்டினைச் சீட்டின்றி விற்கக் கேட்ட விண்ணப்பம் மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டது. ஒரே சான்றுகளைப் படித்து, ஒரே மொழியைப் பேசும் இரு நாடுகள் நேர்மாறான முடிவுக்கு வந்தன.

நலமாயிருப்பவருக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை தருவது தகுமா என்று ஐயுறும் மருத்துவர்களை நாம் பழிக்க முடியாது. அவர்கள் கேட்பதில் பொருள் உண்டு. ஆனால் அவ்விவாதம் செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் வந்து சேரும்போது, நலமுள்ளோர், நோயுற்றோர் என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் பிலிப் ஏவன் என்னும் பேராசிரியர் ஸ்டாட்டினைச் சாடி ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் மருந்தை நிறுத்தியோர் தொகை கூடிற்று. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் அரசுத் தொலைக்காட்சி இரு வாரங்கள் இது குறித்து ஒளிபரப்பிய நிகழ்ச்சிக்குப் பின், வாரமொன்றுக்கு ஏறத்தாழ 14,000 ஸ்டாட்டின் சீட்டுகள் குறைவாக மருந்துக்கடைக்கு வந்தன. அந்நிகழ்ச்சி நடுநிலை தவறியது என்று கண்ட அந்நிறுவனமே 2014-இல் அதனைத் தன் தளத்திலிருந்து விலக்கியது. ஆனால் அதற்குள் எட்டு மாதங்களில் 60,000 பேர் வரை மருந்தைக் குறைத்தோ விட்டோ இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. டென்மார்க்கிலும் இதே கதை. அங்கே மருந்தைத் தொடங்கிய சில மாதங்களிலேயே விட்டுவிட்டவர்கள் 1995-இல் நூற்றுக்கு 6 பேர். 2010-இல் 18 பேர். அவ்வாறு விட்டவர்களிடையே மாரடைப்பும் இருதய நோய் மரணமும் மிகுந்திருந்தன.

பக்கவிளைவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2001-இல் செரிவாஸ்டாட்டின் என்னும் மருந்து தசைகளைச் சிதைத்து உயிர்ச்சேதம் விளைத்ததால் உலகச் சந்தையிலிருந்தே அகற்றப்பட்டது. மற்ற ஸ்டாட்டின்களால் இத்தகைய கேடு வருவது மிக அரிது. நீரிழிவு சற்றுக் கூடுவது உண்மை. கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் இம்மருந்தைத் தொடலாகாது. ஆனால் பலரும் முறையிடும் தசைவலியைப் பற்றி இலண்டனில் நடந்து 2020-இல் வெளியான சிறு ஆய்வு ஒன்று சுவையானது. வலி தாளாது மருந்தை விட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும், சில மாதங்கள் ஒன்றுமில்லாமலும் மாறி மாறித் தந்தனர். ஸ்டாட்டின் உண்டபோது தோன்றிய தொல்லையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெற்று மாத்திரையிலும் தோன்றியது! அவர்கள் பொய் சொல்லவில்லை; வலி மெய்யாகவே இருந்தது. மருந்து தீங்கு செய்யும் என்ற அச்சமே அதனைப் பெரும்பாலும் விளைவித்தது.

கடையில் உண்டு, வீட்டில் இல்லை

இதுவரை கண்டது செல்வ நாடுகளின் வழக்கு. இனி நம் பக்கம் திரும்புவோம்; வேதனையும் இங்கேதான் உள்ளது.

கேரளத்தில் பிறந்து, பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் பயின்று, கனடா நாட்டில் பணிபுரியும் சலீம் யூசுப் என்பவரின் தலைமையில் 17 நாடுகளில் பேராய்வு ஒன்று நடந்தது. சென்னை, பெங்களூர், திருவனந்தபுரம் முதலிய இடங்களும் அதில் பங்குகொண்டன. ஆய்வாளர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சந்தித்து, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள் என்ன மருந்து உண்கிறார்கள் என்று கேட்டறிந்தனர். 2011-இல் வெளியான முடிவு இது: செல்வ நாடுகளில் அத்தகையோரில் நூற்றுக்கு 66.5 பேர் ஸ்டாட்டின் உண்டனர். இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், ஜிம்பாப்வே ஆகியவை அடங்கிய வறிய நாடுகளின் தொகுதியில் நூற்றுக்கு 3.3 பேர்.

நூற்றுக்கு மூவர்! வரம்பு பத்தா இருபதா என்று மேனாட்டார் வாதிடுவது நலமுள்ளோரைக் குறித்து. இங்கே விடுபட்டவர்களோ, ஒருமுறை மரணத்தின் வாயில்வரை சென்று திரும்பியவர்கள்.

மருந்து கிடைப்பதில்லை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அதே ஆய்வுக் குழுவினர் மருந்துக்கடைகளுக்கும் சென்று பார்த்தனர். ஸ்டாட்டின் உள்ளிட்ட நான்கு இருதய மருந்துகளும் கிடைத்த இடங்கள் இந்திய நகர்ப்பகுதிகளில் நூற்றுக்கு 89. சிற்றூர்ப் பகுதிகளில் 81. இந்தியா நீங்கிய ஏனைய வறிய நாடுகளிலோ நகரில் 25, சிற்றூரில் 3. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் நம் மருந்துத் தொழிலின் வளர்ச்சி. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை வழங்காமல், அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை வழங்கியது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய நம் தொழிலகங்கள் கற்றுக்கொண்டன. 2005-இல் சட்டம் மாறிய போதும், அதற்குள் வேரூன்றிய தொழில் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் அட்டோர்வாஸ்டாட்டினின் காப்புரிமை 2011 நவம்பரில்தான் முடிந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நம் மருந்துக்கடைகளில் அது பல பெயர்களில் விற்பனையாயிற்று.

அப்படியானால் உண்போர் ஏன் இத்துணைக் குறைவு? விலை குறைவு என்பது வேறு. வாங்க இயல்வது வேறு. உணவுச் செலவு போக எஞ்சும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்நான்கு மருந்துகளுக்குப் போகுமானால், அக்குடும்பத்தால் வாங்க இயலாது என்று அவ்வாய்வினர் கொண்டனர். அக்கணக்கின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 59 குடும்பங்களுக்கு எட்டாத விலை. செல்வ நாடுகளில் ஆயிரம் குடும்பங்களில் ஒன்றோ இரண்டோ.

பணம் மட்டுமே தடை என்றும் சொல்ல இயலாது. நம் வீடுகளில் நாம் காண்பதை ஒளிக்காமல் சொல்வோம். மருத்துவமனையிலிருந்து வந்தவர் முதல் மாதம் தவறாமல் மாத்திரை உண்கிறார். இரண்டாம் மாதம் உடம்பு தேறுகிறது, ‘இனி எதற்கு?’ என்கிறார். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்துண்டு பழகிய நமக்கு, வலியில்லாத நோய்க்கு வாழ்நாளெல்லாம் மருந்து என்பது விளங்காத செய்தி. பரிசோதனையில் கொழுப்பு குறைந்துவிட்டது என்று வந்தால் மருந்தை நிறுத்திவிடுகிறோம். அது குறைந்ததே மருந்தினால்தான் என்று மருத்துவமனையில் யாரும் நின்று நிதானமாகச் சொல்வதில்லை. கணவரின் மாத்திரை தீர்ந்தால் கடைக்கு ஆள் போகிறது. மனைவியின் மாத்திரை தீர்ந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவளே சொல்லிவிடுகிறாள். இவ்வழக்கத்தை அவளுடைய பொறுமை என்று புகழ்வது நமக்கு உடன்பாடன்று.

தெற்காசிய மக்களுக்கு இதில் ஏனையோரைவிடப் பொறுப்பு மிகுதி. முதல் மாரடைப்பு உலகின் பிற பகுதிகளில் சராசரியாக 59 வயதையொட்டி வருகிறது. தெற்காசியருக்கு 53 வயதிலேயே வந்துவிடுகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவரை எண்ணிப் பார்ப்போம். மூத்தவர் இலண்டனில்; இளையவர் அமெரிக்காவில்; நடுவிலவர் தூத்துக்குடிக்கு அருகே சொந்த ஊரில். இலண்டனில் மருத்துவரின் கணக்கீட்டில் இனமும் ஓர் அங்கம். இந்திய வழியினர் என்றதும் ஆபத்தின் அளவு உயர்கிறது, மருந்து முன்கூட்டியே வருகிறது, அறுபது வயது நிறைந்தால் சீட்டுக்குக் கட்டணமும் இல்லை. அமெரிக்காவில் 2018-இன் மருத்துவ நெறி, தெற்காசிய வழியில் பிறந்திருப்பதையே ஆபத்தைக் கூட்டும் காரணங்களுள் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. ஊரிலிருப்பவருக்கும் அதே இரத்தம், அதே தந்தையின் நோய். அவருடைய கொழுப்பின் அளவை அளந்து பார்த்தவர் உண்டா என்பதே ஐயம். இந்திய இருதய மருத்துவச் சங்கம் நம் மக்களுக்கென்று தனி நெறியை 2024-இல்தான் வெளியிட்டது.

ஒன்றில் நான்கு

சிம்வாஸ்டாட்டினை உலக சுகாதார நிறுவனம் 2007-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறிய மருந்து வாய்க்குள் ஏறுவதற்கு வெகுதூரம் உண்டு. 41 நாடுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, வறிய, நடுத்தர நாடுகளில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரே ஸ்டாட்டின் உண்கின்றனர்.

நாளொன்றுக்கு நான்கைந்து மாத்திரை என்பதே மக்களை மலைக்க வைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மாத்திரையில் அடைத்தால் என்ன என்று 2003-இல் இரு ஆங்கிலேய அறிஞர் கேட்டனர். அக்கேள்விக்கு நம் நாட்டில் முதலில் செயல்வடிவம் தந்தவர்களுள் பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியாரும் உளர். இந்திய ஆயர் பேரவையின் கல்லூரி அது என்பதை வாசகர் அறிவர். இரத்த அழுத்த மருந்துகள், சிம்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின் அடங்கிய கூட்டு மாத்திரையை நம் நாட்டின் 50 மையங்களில் 2,053 பேரிடம் சோதித்து, கொழுப்பும் அழுத்தமும் குறைவதை 2009-இல் காட்டினர். ஈரானில் கொலஸ்தான் மாநிலத்துச் சிற்றூர்களில் 6,838 பேரிடையே ஐந்தாண்டு நடந்த ஆய்வில், கூட்டு மாத்திரை பெற்றவர்களிடையே மாரடைப்பு முதலிய கேடுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இது 2019-இல் வெளியாயிற்று. 2023-இல் கூட்டு மாத்திரையும் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

அதே பெங்களூர்க் கல்லூரியார் மற்றொரு முயற்சியும் செய்தனர். நாட்டின் 14 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்து தேறியவர்களிடம் மருத்துவப் பட்டம் பெறாத சுகாதாரப் பணியாளரை அனுப்பினர். மருத்துவமனையில் சிலமுறை, பின்னர் வீட்டில் சிலமுறை அவர்கள் நோயாளியோடு அமர்ந்து, எந்த மாத்திரை எதற்கு, ஏன் நிறுத்தக்கூடாது என்று படங்களைக் காட்டி விளக்கினர். மருந்துண்ட நாளைக் குறித்து வைக்கக் கற்றுக்கொடுத்தனர். வீட்டாரையும் உடன் அமர்த்திக்கொண்டனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அப்பணியாளர் வந்து சென்ற வீடுகளில் மருந்தை விடாமல் உண்டவர் ஏனையோரைவிட மிகுதியாயிருந்தனர்.